இரண்டாவது மானிட்டர் வரவில்லையா? லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சரிபார்க்கும் முறை

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் இரண்டாவது மானிட்டர் தகராறு செய்கிறது என்றால் அது பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் இருக்கும். கேபிளைச் செருகினால் "நோ சிக்னல்" என்று ஒரு நொடி காட்டிவிட்டு அணைந்துவிடும். இல்லையென்றால் படம் வரும், ஆனால் 1024-க்கு 768 என்ற அளவுக்கு மேல் ஏறவே ஏறாது. அதுவும் இல்லையென்றால், நேற்று ராத்திரி வரை இரண்டு திரையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அப்டேட் முடிந்து காலையில் திறந்தால் ஒன்றைக் காணோம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனசில்லாமல் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்வது அதற்கு முன்பே இருந்ததுதான், இப்போது அதற்குக் காரணம் இன்னும் கூடியிருக்கிறது. நெல்லை டவுன் ரத வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கிற டிடிபி கடைகள், வண்ணார்பேட்டையில் ஆல்பம் டிசைன் செய்கிற ஸ்டுடியோக்கள், பெருமாள்புரத்திலும் தென்காசியிலும் வீட்டில் உட்கார்ந்து ஐடி வேலை பார்க்கிற பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் இரண்டு திரை என்பது ஆடம்பரம் கிடையாது. ஒரு திரையில் பத்திரிகை லேஅவுட், இன்னொரு திரையில் மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸப்பில் அனுப்பிய பெயர்ப் பட்டியல், இரண்டையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தால்தான் இனிஷியல் தப்பாமல் வேலை முடியும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: ஓஎஸ்ஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், புது மானிட்டரும் வாங்காதீர்கள், இணையத்தில் கண்ட கட்டளைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டாதீர்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மருந்து சின்னதாகத்தான் இருக்கும்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலை வெட்டிப் பார்ப்பதில்லை, கால்வாயோடு மேலே நடந்து எந்த மடையில் அடைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதே முறைதான் இங்கேயும். மானிட்டர், கேபிள், போர்ட், அந்தப் போர்ட் சேர்ந்திருக்கிற சிப், அந்தச் சிப்பை ஓட்டுகிற டிரைவர் என்ற மென்பொருள், அதற்கு மேலே டெஸ்க்டாப். இந்த வரிசையில் போங்கள். இதில் பலர் தாண்டிப் போய்விடுகிற இடம் நடுவில் இருக்கிறது: இந்தப் போர்ட் எந்தச் சிப்போடு சேர்ந்தது, அந்தச் சிப்பை இப்போது எந்த டிரைவர் ஓட்டுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

கட்டளைகளை உச்சரிப்பை வைத்துத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டுகிற ஜன்னல்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கேபிள் எதில் இருக்கிறது?

டவுனில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, மானிட்டரை மாத்திப் பாத்துட்டேன், கேபிளும் புதுசு வாங்கிட்டேன், ஒண்ணும் நடக்கல."

"அண்ணாச்சி, கேபிளை எதுல சொருகிருக்கிய?"

"சிபியூ பின்னாடிதான். மேல உள்ளதுல ஒண்ணு, கீழ உள்ளதுல ஒண்ணு."

"ரெண்டையும் கீழ உள்ளதுலயே சொருகுங்க, பாப்போம்."

வந்துவிட்டது. விஷயம் இதுதான்: டவர் கேபினெட்டின் பின்னால், யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் மேலே இருக்கிற ஹெச்டிஎம்ஐயும் விஜிஏவும் மதர்போர்டுடையவை. கொஞ்சம் கீழே, படுக்கை வாட்டில் தனியாக இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டுடையவை. கார்டு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் பல மதர்போர்டுகள் தன்னுடைய உள் கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும், அப்போது மேலே உள்ள ஓட்டையில் என்ன செருகினாலும் வராது. இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள் கிராஃபிக்ஸே கிடையாது. கார்டில் இரண்டு போர்ட் இருந்தால் இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே செருகுங்கள், அதுதான் என் சிபாரிசு. கார்டில் ஒரே ஒரு போர்ட்தான் வேலை செய்கிறது, மதர்போர்டையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஓஎஸ்ஸுக்கு முன்பே வருகிற அமைப்புத் திரை) போய் "ஐஜிபியூ மல்டி மானிட்டர்" என்றோ அதை ஒத்த பெயரிலோ இருக்கிற அமைப்பை ஆன் செய்ய வேண்டும்.

லேப்டாப்பில் இது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அங்கே குழப்பம் அதிகம். இன்டெலும் என்விடியாவும் சேர்ந்து இருக்கிற லேப்டாப்களில் உள் திரை இன்டெலோடு சேர்ந்திருக்கும், பக்கவாட்டில் இருக்கிற ஹெச்டிஎம்ஐ போர்ட்டோ பல மாடல்களில் என்விடியா சிப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். ஆக என்விடியா டிரைவர் ஏறவில்லை என்றால் லேப்டாப் திரை அழகாக ஓடும், வெளி மானிட்டர் மட்டும் செத்துக் கிடக்கும். ஆள் போர்ட் போய்விட்டது என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போகாதீர்கள், முதலில் டிரைவரைப் பாருங்கள்.

யூஎஸ்பி-சி போர்ட் வழியாகச் செருகுகிறவர்கள் அந்தப் போர்ட்டுக்கு வீடியோ அனுப்பும் வசதி இருக்கிறதா என்று லேப்டாப்பின் விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா யூஎஸ்பி-சியிலும் அது கிடையாது.

டெர்மினலில் மூன்று கேள்வி

முதல் கேள்வி, கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி, வன்பொருளோடு பேசுவது அதுதான்) மானிட்டர் தெரிகிறதா?

க்ரெப் . /சிஸ்/க்ளாஸ்/டிஆர்எம்/*/ஸ்டேட்டஸ்

(க்ரெப் என்பது ஜி, ஆர், இ, பி. சிஸ் என்பது எஸ், ஒய், எஸ். க்ரெப்புக்குப் பிறகு இடைவெளி, ஒரு புள்ளி, மறுபடி இடைவெளி.) ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி வரும், கடைசியில் "கனெக்டட்" அல்லது "டிஸ்கனெக்டட்" என்று இருக்கும். வரியின் நடுவில் கார்டு0, கார்டு1 என்று வருகிறதே, அதுதான் அந்தப் போர்ட் எந்தச் சிப்பில் இருக்கிறது என்பதற்கான பதில். மானிட்டர் கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் திரையில் படம் இல்லை என்றால் கேபிளையும் மானிட்டரையும் அப்போதைக்கு விட்டுவிடுங்கள், கோளாறு பெரும்பாலும் அதற்கு மேலே டெஸ்க்டாப் அமைப்பில் இருக்கும். டிஸ்கனெக்டட் என்றால் கேபிள், கன்வர்ட்டர், மானிட்டரின் இன்புட் செலக்ஷன் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தப் போர்ட்டின் வரியே காணவில்லை என்றால் அந்தச் சிப்புக்கு டிரைவர் ஏறவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: என்விடியாவின் சொந்த டிரைவரில் மோட்செட் என்ற அமைப்பு ஆஃப் ஆக இருந்தால், போர்ட் நன்றாக வேலை செய்தாலும் இந்தப் பட்டியலில் வராது.

இரண்டாவது கேள்வி, எந்த டிரைவர் ஓடுகிறது?

எல்எஸ்பிசிஐ -கே

நீளமாக வரும். அதில் "விஜிஏ" என்றும் "3டி கன்ட்ரோலர்" என்றும் இருக்கிற பகுதிகளை மட்டும் தேடுங்கள். என்விடியா லேப்டாப்பில் கார்டு பெரும்பாலும் "3டி கன்ட்ரோலர்" என்ற பெயரில்தான் ஒளிந்திருக்கும். அதற்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா, அதில் என்ன பெயர்? இன்டெலுக்கு ஐ915 அல்லது மிகப் புதிய சிப்களில் எக்ஸ்இ, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியூ அல்லது பழசுக்கு ரேடியான், என்விடியாவுக்கு என்விடியா அல்லது நூவோ (என், ஓ, யூ, வி, இ, ஏ, யூ). அந்த வரியே இல்லையென்றால் அந்தச் சிப்பை யாரும் ஓட்டவில்லை.

மூன்றாவது கேள்வி, கர்னல் என்னென்ன சொல்லைக் கேட்டுக் கிளம்பியது?

கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்

(கேட் என்பது சி, ஏ, டி. ப்ராக் என்பது பி, ஆர், ஓ, சி.) இதில் "நோமோட்செட்" என்ற சொல் கிடக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு போடும்போது திரை கறுப்பாகப் போனால் "சேஃப் கிராஃபிக்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள், அதுதான் இந்தச் சொல்லைச் சேர்க்கிறது. அப்போதைக்குக் காப்பாற்றும், ஆனால் அது இருக்கிற வரை கர்னல் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் திரையின் அளவை அமைக்கவே முடியாது, இரண்டாவது மானிட்டரும் வராது, ரெசல்யூஷனும் ஏறாது. இன்ஸ்டால் செய்து கொடுத்தவர் எடுக்க மறந்துவிட்டுப் போயிருப்பார், கடைக்காரர் மாதக்கணக்கில் ஒற்றைத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இதைச் சரிசெய்ய:

சூடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப்

(சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ. நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவதற்கு அது, பாஸ்வேர்டு கேட்கும். ஈடிசி என்பது இ, டி, சி. க்ரப் என்பது ஜி, ஆர், யூ, பி, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் லினக்ஸைக் கிளப்புகிற நிரல்.) அந்தக் கோப்பில் "சிஎம்டிலைன் லினக்ஸ்" என்ற சொற்கள் வருகிற வரிகளில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கிற நோமோட்செட்டை மட்டும் அழித்துவிட்டு, கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். அப்புறம் "சூடோ அப்டேட்-க்ரப்" கொடுத்து ரீஸ்டார்ட். இது உபுண்டு, மின்ட், டெபியனுக்கு. ரீஸ்டார்ட் செய்தால் திரை கறுப்பாகிவிடுமோ என்று பயமாக இருந்தால், க்ரப் மெனுவில் "இ" எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல்லை ஒரு தடவைக்கு மட்டும் மறுபடி சேர்த்து, எஃப்10 அழுத்தி உள்ளே வந்துவிடலாம்.

என்விடியா

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே வளர்கின்றன, கர்னல் ஏறினால் டிரைவரும் கூடவே ஏறும். என்விடியாவின் சொந்த டிரைவர் வெளியே தனியாக இருக்கிறது, ஒவ்வொரு கர்னலுக்கும் அது பொருந்தும்படி கட்டப்பட வேண்டும். நூவோ என்கிற திறந்த டிரைவரை, நிறுவனத்திடமிருந்து ஆவணம் கிடைக்காத காலத்திலேயே, சிப் எப்படி வேலை செய்கிறது என்று வெளியிலிருந்து ஆராய்ந்து ஆராய்ந்து எழுதியவர்கள் தன்னார்வலர்கள். அந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 2022 மே மாதத்தில்தான் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது, அதுவும் ட்யூரிங் என்ற தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலிருந்து மேலே உள்ள கார்டுகளுக்கு மட்டும்.

"நேற்று வரை ஓடியது" என்கிற புகாரா? அப்படியானால் கர்னல் மாறியிருக்கும், என்விடியா மாட்யூல் (டிரைவரில் கர்னலுக்குள் ஏறுகிற பகுதி) புதுக் கர்னலுக்குக் கட்டப்படாமல் நின்றிருக்கும். "என்விடியா-எஸ்எம்ஐ" என்று தட்டிப் பாருங்கள். அட்டவணை வந்தால் டிரைவர் உயிரோடு இருக்கிறது. டிரைவரோடு பேச முடியவில்லை என்று பிழைச் செய்தி வந்தால் இல்லை. அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, ரீஸ்டார்ட் செய்து க்ரப் மெனுவை வரவழைப்பது. புது கம்ப்யூட்டரில் எஸ்கேப் கீ, பழசில் ஷிஃப்ட். அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு திரையும் திரும்பி வந்துவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது, அன்றைய வேலையையும் முடித்துக்கொள்ளலாம், கல்யாணப் பத்திரிகை காத்திருக்காது. சாவகாசமாகப் பிறகு இதைப் பாருங்கள்:

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்

(டிகேஎம்எஸ் என்பது கர்னல் மாறும்போது மாட்யூலைத் தானாகக் கட்டுகிற கருவி.) இதில் "யூநேம் -ஆர்" (யூ, என், ஏ, எம், இ) காட்டுகிற கர்னல் எண்ணுக்கு நேராக "இன்ஸ்டால்டு" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கர்னல் ஹெட்டர்கள் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாமல் கட்டுமானம் நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக்
சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்

உபுண்டுவில் ஹெச்டபிள்யூஇ வகைக் கர்னல் (புது வன்பொருளுக்காகத் தரப்படும் புதிய கர்னல்) போட்டிருந்தால் ஹெட்டரும் அதே வகையாக இருக்க வேண்டும். டிகேஎம்எஸ் பட்டியலில் ஒன்றுமே வரவில்லை என்றால் பதறாதீர்கள், உபுண்டு சில சமயம் முன்பே கட்டி டிஜிட்டல் கையெழுத்திட்ட மாட்யூலைத் தருகிறது, அது இந்தப் பட்டியலில் வராது.

மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் "சூடோ மாட்ப்ரோப் என்விடியா" கொடுத்துப் பாருங்கள். "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று திட்டினால் அது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பின் வேலை. கையெழுத்து இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் ஒரு திரை சில விநாடிகள் மட்டும் நிற்கும். அது ஏதோ பிழை என்று நினைத்து என்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். அங்கே "என்ரோல் எம்ஓகே", "கன்டின்யூ", "எஸ்" என்று போய் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டிருந்தால் உபுண்டுவில் இப்படி மறுபடி வரவழைக்கலாம்:

சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/எம்ஓகே.டெர்

(மோக்யூடில் என்பது எம், ஓ, கே, யூ, டி, ஐ, எல். கடைசிப் பெயரில் எம்ஓகே மட்டும் பெரிய எழுத்து.) செக்யூர் பூட்டையே பயாஸில் அணைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேலை நடக்கும், ஆனால் கடை கணக்கும் வாடிக்கையாளர் ஆதார் நகலும் இருக்கிற கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடச் சோம்பலுக்காக ஒரு பாதுகாப்பைக் கழற்றிப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இரட்டை சிப் லேப்டாப்பில் இன்னொரு இடமும் உண்டு. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு "ப்ரைம்-செலக்ட் இன்டெல்" கொடுத்திருந்தால் என்விடியா சிப் முழுக்க அணைந்துவிடும், அதோடு சேர்ந்த ஹெச்டிஎம்ஐயும் போய்விடும். "ப்ரைம்-செலக்ட் க்வெரி" கொடுத்தால் இப்போது எந்த நிலை என்று சொல்லும். "சூடோ ப்ரைம்-செலக்ட் ஆன்-டிமான்ட்" கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், பேட்டரிக்கும் வெளி மானிட்டருக்கும் நடுவில் அது நல்ல சமாதானம். அதிலும் வெளித் திரை தயங்கினால் "என்விடியா" என்ற நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது பழைய கார்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஜிடி 610, ஜிடி 710 வாங்கிப் போட்டிருப்பார்கள். 610 ஃபெர்மி தலைமுறை, அதற்கு 390 வரிசை டிரைவர்தான் கடைசி. 710 கெப்ளர், அதற்கு 470 வரிசை கடைசி. ஜிடி 730-ல் இரண்டு தலைமுறையும் ஒரே பெயரில் விற்கப்பட்டிருக்கிறது, எல்எஸ்பிசிஐ காட்டுகிற சிப் பெயர் ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே என்றால் கெப்ளர். 390-க்கு 2022 இறுதியோடும் 470-க்கு 2024-லும் ஆதரவு முடிந்துவிட்டது, புதுக் கர்னல்களில் இவை கட்டப்படாமல் நிற்பது அதனால்தான். ஜிடிஎக்ஸ் 750, 900, 1000 வரிசைக்காரர்களுக்கு 580 வரிசைதான் கடைசி, அதற்கு மேல் எண்ணுள்ள டிரைவர் வந்தால் தாவாதீர்கள். உபுண்டுவில் "உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்" என்று கேட்டால் உங்கள் கார்டுக்குப் பொருந்துகிற எண்களைச் சொல்லிவிடும், மின்ட்டில் அதே வேலையை டிரைவர் மேனேஜர் செய்யும்.

டிடிபி வேலைக்கு, ஆபீஸ் வேலைக்கு, ஜிடி 710 வைத்து இரண்டு திரை ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது நூவோ போதும் என்றுதான். கேம் ஆடப்போவதில்லை, வீடியோ ரெண்டர் செய்யப்போவதில்லை, பின் எதற்கு ஆதரவு முடிந்த டிரைவரோடு ஒவ்வொரு கர்னலுக்கும் மல்லுக்கட்ட வேண்டும்? ஆனால் நூவோவுக்குத் திரும்பும்போது பழையதைச் சுத்தமாக எடுக்க வேண்டும், ஏனென்றால் என்விடியா பேக்கேஜ் நூவோவை ஏறவிடாமல் தடைப் பட்டியலில் போட்டு வைத்திருக்கும்.

சூடோ ஏபிடி பர்ஜ் '^என்விடியா-.*'
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ

பிறகும் நூவோ வரவில்லை என்றால் ஈடிசிக்குள்ளும் லிப்புக்குள்ளும் இருக்கிற மாட்ப்ரோப்.டி என்ற ஃபோல்டர்களில் "ப்ளாக்லிஸ்ட் நூவோ" என்ற வரி மிச்சம் இருக்கிறதா என்று தேடி எடுங்கள். என்விடியா தளத்திலிருந்து "ரன்" என்று முடிகிற கோப்பை இறக்கிப் போட்டிருந்தவர்கள் முதலில் "சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்" கொடுக்க வேண்டும். ஏபிடி வழியாக ஒன்று, அந்தக் கோப்பு வழியாக ஒன்று என இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் கிடந்தால் ஒன்று மற்றொன்றின் கோப்புகளை மிதித்துவிடும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் அந்தக் கோப்பு பக்கமே போக வேண்டியதில்லை.

ஏஎம்டியும் இன்டெலும்

இங்கே பேச அதிகம் இல்லை. ஏஎம்டியில் புதுக் கார்டு, பழைய கர்னல் என்ற ஜோடிதான் பிரச்சினை, கர்னலையும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜையும் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்கள்) புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். டெபியனில் 12-க்கு முந்தைய பதிப்புகளின் வழக்கமான இன்ஸ்டாலரில் ஃபர்ம்வேர் சேர்ந்து வராது, தனியாகப் போட வேண்டும். "சூடோ டிமெசெக்" வெளியீட்டில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்று ஏஎம்டிஜிபியூ புலம்பியிருந்தால் இதுதான் காரணம். (அந்தக் கட்டளை டி, எம், இ, எஸ், ஜி.)

லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்புகிற அமைப்பு இரண்டு உண்டு, பழையது எக்ஸ்ஆர்க், புதியது வேலேண்ட். இன்டெலில் எக்ஸ்ஆர்க்குக்கான பழைய தனி டிரைவர், எக்ஸ்செர்வர்-எக்ஸ்ஆர்க்-வீடியோ-இன்டெல் என்ற பேக்கேஜ், தேவையில்லாமல் உட்கார்ந்திருந்தால் திரை கிழிவது, மினுக்குவது எல்லாம் வரும். அதை நீக்கிவிட்டால் பொதுவான மோட்செட்டிங் டிரைவர் பொறுப்பேற்றுக்கொள்ளும், அதுவே நல்லது. லேப்டாப்பின் உள் திரை மட்டும் அவ்வப்போது மினுக்கினால் க்ரப் வரியில் "ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0" சேர்த்துப் பாருங்கள்.

படம் வருகிறது, அளவு ஏறவில்லை

மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற சிறு தகவல் துண்டாகக் கேபிள் வழியே சொல்லும், டிரைவர் அதைப் படித்துத்தான் பட்டியல் போடும். ஜங்ஷன் பக்கக் கடைகளில் கிடைக்கிற மலிவான ஹெச்டிஎம்ஐ - விஜிஏ கன்வர்ட்டர்கள் சில இந்தத் தகவலைக் கடத்துவதில்லை, அப்போது டிரைவர் பாதுகாப்பாக 1024-க்கு 768-ல் நின்றுகொள்ளும். ஆகவே முதலில் கன்வர்ட்டர் இல்லாமல் ஒரே வகைக் கேபிளில் நேராகச் செருகிப் பாருங்கள். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது, வேறு வழி இல்லை என்றால் எக்ஸ்ஆர்க்கில் கையால் சேர்க்கலாம். "சிவிடி 1920 1080 60" கொடுத்தால் மோட்லைன் என்று ஒரு வரி வரும். அதில் மோட்லைன் என்ற சொல்லுக்குப் பிறகு வருவதை அப்படியே எடுத்து "எக்ஸ்ராண்டர் --நியூமோட்" (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர்) என்பதற்குப் பின்னால் ஒட்டி ஓட்டுங்கள், பிறகு "எக்ஸ்ராண்டர் --ஆட்மோட்" (ஏ, டி, டி, பிறகு மோட்) என்று போட்டு, போர்ட்டின் பெயர், அந்த மோட்டின் பெயர். ரீஸ்டார்ட் ஆனால் இது மறைந்துவிடும், நிலைத்திருக்க ஹோம் ஃபோல்டரில் ".எக்ஸ்ப்ரொஃபைல்" என்ற கோப்பில் இந்த வரிகளை எழுதி வையுங்கள். வேலேண்டில் எக்ஸ்ராண்டர் திரையை மாற்றாது. அங்கே இன்டெல், ஏஎம்டிக்காரர்கள் க்ரப் வரியில் "வீடியோ=ஹெச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080@60" என்று சேர்க்கலாம். போர்ட்டின் பெயர் முதல் கேள்வியில் பார்த்த பட்டியலில் இருக்கும், நடுவில் வருகிற எக்ஸ் சிறிய எழுத்து.

வேலேண்டா, எக்ஸ்ஆர்க்கா?

"எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்" (டாலருக்குப் பிறகு எல்லாம் பெரிய எழுத்து) எதில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். ஒரு மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், இன்னொன்று 144, அல்லது ஒன்று 4கே, மற்றொன்று சாதா என்று கலவையாக இருந்தால் வேலேண்ட்தான் சரி, ஒவ்வொரு திரையையும் அது தனித்தனியாக நடத்தும். என்விடியாவில் வேலேண்ட் போனால் ஜன்னல்கள் மினுக்குகின்றன, பழைய படம் முன்னும் பின்னும் தெரிகிறது என்பவர்கள் டிரைவர் எண்ணைப் பாருங்கள்: 2024-ல் வந்த 555 வரிசையில்தான் இதைத் தீர்க்கிற எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்ற வசதி சேர்ந்தது, அதற்கு முந்தையது என்றால் முன்னேறுங்கள். கார்டு பழசு, முன்னேற முடியாது என்றால் லாகின் திரையில் பெயரைத் தட்டியதும் கீழே வரும் பல்சக்கரத்தில் எக்ஸ்ஆர்க்கைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு 25.10 முதல் அதன் வழக்கமான க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் அந்த வாய்ப்பு எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் பழைய கார்டுக்காரர்கள் 24.04-லோ மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பிலோ இருப்பது நிம்மதி.

டிரைவர் சரி, கர்னலுக்கும் மானிட்டர் தெரிகிறது, ஆனால் க்னோம் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் ஹோம் ஃபோல்டருக்குள் ".கான்ஃபிக்" என்ற மறைந்த ஃபோல்டரில் "மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்" என்று ஒரு கோப்பு இருக்கும், அதன் பெயரை மாற்றிவிட்டு வெளியேறி மறுபடி லாகின் ஆகுங்கள். பழைய மானிட்டரின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அதோடு போகும். தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஒரு திரை வரவில்லை என்றால் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி, பிறகு கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2 அல்லது எஃப்1 அழுத்தித் திரும்பி வாருங்கள், பல நேரம் அதுவே எழுப்பிவிடும்.

கரண்ட் போனால்

ஆனி, ஆடிச் சாரல் காற்றில் தென்காசி, செங்கோட்டை, அம்பை பக்கமெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த நேரம் பார்த்து டிரைவர் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் பேக்கேஜ் பாதியில் நின்றுவிடும், அடுத்த தடவை திறந்தால் ஒற்றைத் திரை, அதுவும் மங்கல் அளவில். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஏபிடி இன்ஸ்டால் -எஃப்

இந்த இரண்டும் பாதியில் நின்றதை எடுத்து முடித்துவிடும். காற்றுக் காலத்தில் அப்டேட்டை யூபிஎஸ் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள், முகூர்த்த மாதத்தில் வேலை நெருக்கும்போது கர்னல் அப்டேட் பக்கமே போகாதீர்கள், ஒரு வாரம் தள்ளிப்போடுவதால் கடை கவிழாது. டிரைவரில் கை வைப்பதற்கு முன் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் (கம்ப்யூட்டரின் இப்போதைய நிலையின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள், மின்ட்டில் அது கூடவே வருகிறது. மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஒன்று செய்து ரீஸ்டார்ட், பார்த்துவிட்டு அடுத்தது, இல்லையென்றால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

யூஎஸ்பி டாக் வழியாக மானிட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டாக்கில் டிஸ்ப்ளேலிங்க் சிப் இருந்தால் அதற்கு ஈவிடிஐ என்று தனி மாட்யூல் வேண்டும், அதுவும் டிகேஎம்எஸ் வழியாகக் கட்டப்படுவதுதான். ஆகவே கர்னல் மாறியதும் அது போனால் மேலே என்விடியாவுக்குச் சொன்ன ஹெட்டர், செக்யூர் பூட் சோதனைகள் இரண்டும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

இத்தனைக்கும் மசியவில்லை, யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும் என்றால் "மானிட்டர் வரல, உதவுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். "இன்க்ஸி -ஜி" (ஐ, என், எக்ஸ், ஐ, பிறகு பெரிய ஜி) என்ற ஒரே கட்டளை கார்டு, டிரைவர், வேலேண்டா எக்ஸ்ஆர்க்கா, ஒவ்வொரு மானிட்டரின் அளவு எல்லாவற்றையும் சில வரிகளில் தந்துவிடும். அதோடு யூநேம் -ஆர், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ், முதல் கேள்வியில் வந்த போர்ட் பட்டியல், அப்புறம் கேபிள் எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்குப் போகிறது, நடுவில் கன்வர்ட்டர் உண்டா என்பது. போனில் திரையைப் படம் பிடித்து அனுப்புவதை விட எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள், பதில் சொல்கிறவர் அதிலிருந்து தேடிப் பார்க்க முடியும்.